நிதி ஒழுங்குமுறை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது எப்படி: உறுப்பினர் அலுவலகத்துக்கான முழுமையான வழிகாட்டி

நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, வங்கி, பங்குச்சந்தை, காப்பீடு, சீட்டு என்று மக்கள் பணம் சார்ந்த கேள்விகளைத் தயாரிக்க உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறுப்பினர்களுக்கும் பயன்படும்.

புதியவர்கள் பெரும்பாலும் காலையில் செய்தித்தாளில் ஒரு மோசடியைப் படிக்கிறார்கள், மதியமே கேள்வியை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கேள்வி ஒன்று நிராகரிக்கப்படும், அல்லது ஒன்றுமில்லாத பதிலோடு திரும்பி வரும். எந்தச் சட்டப் பிரிவின்படி யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்த பிறகுதான் கேள்வி. கீழே உள்ள வரிசை அந்தக் காரணத்தால்தான் இப்படி அமைந்திருக்கிறது. இடையில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்தது நிற்காது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்புக்கான செபி சட்டம் 1992, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் 1999, ஓய்வூதிய நிதி ஆணையச் சட்டம் 2013 ஆகிய ஐந்தும் வேண்டும். திருத்தங்கள் சேர்ந்த இன்றைய வடிவத்தையே எடுங்கள். பழைய அச்சுப் புத்தகத்தில் இருக்கும் பிரிவை நம்பிக் கேள்வி எழுதினால், அமைச்சகம் ஒரே வரியில் முடித்துவிடும்.

அவையின் நடைமுறை விதிகளும் வேண்டும். எந்தக் கேள்வியை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது என்பதை மக்களவையில் விதி 41, மாநிலங்களவையில் விதி 47 சொல்கின்றன. கூடவே, எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்ற அந்தக் கூட்டத்தொடரின் அட்டவணை.

கடைசியாக ஒரு பதிவேடு. கேள்வி எண், தேதி, பதிலின் சாரம், அதில் தரப்பட்ட உறுதி, அடுத்து செய்ய வேண்டியது என்று ஐந்து பத்திகள் போதும். இதைத் தள்ளிப்போடும் அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கூட்டத்தொடரிலேயே, தாங்கள் முன்பு என்ன கேட்டோம் என்பது அவர்களுக்கே தெரியாமல் போகிறது.

1. பொறுப்பாளர் யார் என்று கண்டுபிடியுங்கள்

பொதுமக்கள் ஏமாந்த பணம் என்றாலே நிதி அமைச்சகம் என்று நினைப்பது மிகப் பொதுவான தவறு. தொகுதியிலிருந்து வரும் மனுவில் 'கம்பெனி', 'பைனான்ஸ்', 'சொசைட்டி' என்றுதான் எழுதியிருக்கும். அதன் சட்ட வடிவம் என்ன என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரசீதின் நகலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வங்கியல்லாத நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கி. கேள்வி நிதி அமைச்சகத்துக்கு. நிதி நிறுவனம் என்று பலகை வைத்திருந்தாலும் அது 'நிதி' வகைக் கம்பெனியாக, அதாவது உறுப்பினர்களுக்குள் மட்டும் வைப்புத்தொகை வாங்கிக் கடன் தருவதாக இருந்தால், பார்ப்பது கம்பெனி விவகார அமைச்சகம். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கம் என்றால் 2021இல் உருவான கூட்டுறவு அமைச்சகம். வருங்கால வைப்பு நிதி தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது; தேசிய ஓய்வூதியத் திட்டத்தைக் கவனிப்பதோ நிதி அமைச்சகத்தின் கீழுள்ள ஆணையம்.

சீட்டு நிதிக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் சீட்டுப் பதிவாளர். ஒரு சீட்டு நிறுவனத்தின் மீது என்ன நடவடிக்கை என்று நாடாளுமன்றத்தில் கேட்டால், மாநில விவகாரம் என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வி சட்டமன்றத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் பாதுகாப்புக்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் கீழ் நடக்கும் வழக்குகளைப் பற்றியும் அங்கேதான் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்தில் கேட்கக்கூடியது வேறு: ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை மத்திய அரசு எவ்வளவு தூரம் செயல்படுத்தியிருக்கிறது என்பது.

நகரக் கூட்டுறவு வங்கிகள் இரண்டு கைகளில் இருக்கின்றன. வங்கித் தொழிலை ரிசர்வ் வங்கி பார்க்கிறது, சங்கமாகப் பதிவும் அது சார்ந்த விஷயங்களும் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகத்திலும் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் கூடியிருக்கிறது. எனவே கூட்டுறவு வங்கி பற்றிய கேள்வியில், நீங்கள் கேட்கும் தவறு எந்தக் கையில் நடந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியும் செபியும் தன்னாட்சி அமைப்புகள். அமைச்சர் அவற்றுக்காக முழுதாகப் பதில் சொல்ல முடியாது என்று அரசு நழுவ முடியும். ஆனால் அரசுக்கென்று சட்டத்தில் தனிக் கடமைகளும் அதிகாரங்களும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி ஆளுநரைக் கலந்தாலோசித்து, பொதுநலன் கருதி அரசு அறிவுறுத்தல் தரலாம். 51ஆவது பிரிவின்படி அந்த வங்கியின் கணக்கை ஆராய, அரசின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யை நியமிக்கலாம். செபி சட்டத்தின் 16ஆவது பிரிவு கொள்கை விஷயங்களில் அறிவுறுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. 'செபி ஏன் செய்யவில்லை' என்பதை விட, 'இந்தப் பிரிவின் கீழ் அரசு என்ன செய்தது' என்ற கேள்வியிலிருந்து தப்பிப்பது கடினம்.

2. பழைய பதில்களை முதலில் படியுங்கள்

இரு அவைகளின் தளங்களிலும் பழைய கேள்வி-பதில்கள் கிடைக்கின்றன. உங்கள் பொருள் தொடர்பாகக் கடந்த சில ஆண்டுகளில் வந்த பதில்கள் அனைத்தையும் இறக்கிப் படியுங்கள். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியின் சாரத்தைத் திரும்பக் கேட்க விதி இடம் தராது என்பது ஒரு காரணம். அமைச்சகம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான பத்தி வைத்திருக்கிறது என்பது அதை விடப் பெரிய காரணம்.

வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்குவது பற்றிய பதில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நீக்கியதால் கடனாளியின் பொறுப்பு தீராது, வசூல் நடவடிக்கை தொடர்கிறது என்ற வாசகம் திரும்பத் திரும்ப வரும். கடனாளிகளின் பெயரைக் கேட்டால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45இ பிரிவு வரும். கடன் தகவல்களை வெளியிடுவதை அது தடுக்கிறது. இந்த இரண்டு பத்திகளும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அவற்றால் பதில் சொல்ல முடியாதபடி கேள்வியை அமைக்கலாம்.

3. ஆவணங்களைச் சரியான வரிசையில் படியுங்கள்

முதலில் ஒழுங்குமுறை அமைப்பின் ஆண்டறிக்கை. செபி தன் அறிக்கையை நிதியாண்டு முடிந்த 90 நாட்களுக்குள் அரசுக்கு அளிக்க வேண்டும், அரசு அதை இரு அவைகளிலும் வைக்க வேண்டும். இது சட்டத்தின் 18ஆவது பிரிவு. புகார்கள், தீர்க்கப்படாதவை, வசூலாகாத அபராதம் ஆகிய அட்டவணைகளை மட்டும் மூன்று ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஆண்டின் எண் எதையும் சொல்லாது. மூன்று ஆண்டுகளின் போக்குதான் கேள்வியைத் தரும். அமைப்புகளின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் கணக்காண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் அவைக்கு வர வேண்டும் என்பது அவையில் வைக்கப்படும் ஆவணங்களுக்கான குழு வகுத்த கெடு. தாமதமானால் காரணம் சொல்லும் அறிக்கையும் கூடவே வர வேண்டும்.

அடுத்தது, நிதித் துறையை ஆராயும் நாடாளுமன்றக் குழுவான நிதி நிலைக்குழுவின் நடவடிக்கை அறிக்கைகள். குழுவின் பரிந்துரைகளுக்கு அரசு என்ன செய்தது என்பதை அவை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கின்றன. நேராக நான்காவது, ஐந்தாவது அத்தியாயங்களுக்குப் போங்கள். அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவையும், இறுதிப் பதில் இன்னும் வராதவையும் அங்கே இருக்கும். வேறு எங்கும் இவ்வளவு தயாரான கேள்விகள் கிடைக்காது.

மூன்றாவதாகத்தான் சி.ஏ.ஜி. அறிக்கை. இங்கே புதியவர்கள் நிறையத் தடுமாறுகிறார்கள். பொதுத்துறை வங்கிகளின் கணக்கைச் சி.ஏ.ஜி. தணிக்கை செய்வதில்லை, அது சட்டப்படி நியமிக்கப்படும் தணிக்கையாளர்களின் வேலை. ஆனால் அரசு அந்த வங்கிகளில் மூலதனமாகப் போட்ட பணம் அரசின் பணம், அதைச் சி.ஏ.ஜி. ஆராயலாம். 2017ஆம் ஆண்டின் 28ஆம் எண் அறிக்கை பொதுத்துறை வங்கிகளுக்கு மறுமூலதனம் அளித்ததை அப்படித்தான் ஆராய்ந்தது. வங்கியை விட்டுவிட்டு, வங்கிக்குப் பணம் கொடுத்த முடிவைப் பிடிக்கும் இந்த அணுகுமுறையை உங்கள் கேள்விகளிலும் கடைப்பிடியுங்கள்.

பத்திரிகைச் செய்தி கடைசியில் வரட்டும். எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் செய்தி காட்டும், ஆனால் கேள்விக்கு ஆதாரமாக அதைக் காட்டக் கூடாது.

4. கேள்வியை எழுதுங்கள்

மக்களவை விதி 41 சொல்வதைச் சுருக்கினால்: 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது, வாதம், ஊகம், ஏளனம், குற்றச்சாட்டு கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் இருப்பதைக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்திலோ நாடாளுமன்றக் குழுவிலோ பரிசீலனையில் இருப்பதைக் கேட்கக் கூடாது. எதிர்க்கட்சி அலுவலகங்களுக்கு வாதத்தை விடுவது கஷ்டம். ஆனால் கேள்வியில் வாதம் இருந்தால் அவைச் செயலகமே அதை நிறுத்திவிடும். வாதத்தை, அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையில் கேட்கும் துணைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம். 'பெருமுதலாளிகளின் கடனை வங்கிகள் ஏன் தள்ளுபடி செய்கின்றன, அவர்கள் பெயர் என்ன?' இதில் ஊகம் இருக்கிறது, 45இ பிரிவுக்குக் கதவும் திறந்திருக்கிறது. அதே கவலையை இப்படிக் கேட்கலாம்:

அ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் தொகை, ஆண்டுவாரியாக, வங்கிவாரியாக எவ்வளவு;
ஆ) அவ்வாறு நீக்கிய கணக்குகளிலிருந்து அதே ஆண்டுகளில் வசூலான தொகை எவ்வளவு;
இ) அவற்றுள் 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கணக்குகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் எவ்வளவு;
ஈ) எத்தனை கணக்குகளில் ஊழியர் பொறுப்பு விசாரணை முடிந்தது, எத்தனையில் கெடு தாண்டியும் நிலுவையில் உள்ளது;
உ) தாமதத்துக்கான காரணமும் அரசு எடுத்த நடவடிக்கையும் என்ன.

'அ'வும் 'ஆ'வும் சேர்ந்தால் வசூல் விகிதத்தை நீங்களே கணக்கிடலாம். 'வசூல் தொடர்கிறது' என்ற நிலையான பத்தியின் எடை அப்போது தெரிந்துவிடும். 'இ' பெயரைக் கேட்கவில்லை, அதனால் 45இ பொருந்தாது. 'ஈ' அரசின் சொந்த நெறிமுறையைத் தொட்டுக் கேட்கிறது: 50 கோடி ரூபாய் வரையிலான வாராக்கடன்களில் ஊழியர் பொறுப்பை, அதாவது வங்கி ஊழியரின் தவறு உண்டா என்பதை, ஆறு மாதத்துக்குள் ஆராய வேண்டும் என்று நிதி அமைச்சகம் 2021இல் வெளியிட்டது.

சட்டத்தில் உள்ள கெடுவைப் பிடித்துக் கேட்பதுதான் என் அனுபவத்தில் மிக வலுவான வழி. வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், பணம் எடுக்க ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த வங்கியின் வைப்பீட்டாளர்களுக்கு 90 நாட்களுக்குள் அந்தத் தொகை சேர வேண்டும் என்றது. 'வைப்பீட்டாளர்களைக் காக்க என்ன நடவடிக்கை' என்று கேட்டால் இரண்டு பக்கச் சாதனைப் பட்டியல் வரும். 'எத்தனை வங்கிகளில் 90 நாள் கெடு நீட்டிக்கப்பட்டது, எத்தனை பேருக்கு இன்னும் தொகை சேரவில்லை' என்று கேட்டால் எண்தான் வந்தாக வேண்டும். ஒரு வங்கி முடங்கும்போது வாசலில் நிற்கும் ஓய்வூதியக்காரருக்கு அந்த எண்தான் முக்கியம்.

5. குறியிட்டதா, குறியிடாததா என்று முடிவு செய்யுங்கள்

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாதவையும் பட்டியலில் வரும். மாநிலங்களவையில் 15, 160. குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்து மூலம் பதில்.

எல்லோரும் குறியிட்ட கேள்வியையே விரும்புகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: எண்களைக் குறியிடாத கேள்வியில் வாங்குங்கள், அந்த எண்களை வைத்துப் பின்னர் குறியிட்ட கேள்வி போடுங்கள். கையில் எண் இல்லாமல் துணைக் கேள்வி கேட்டால், அமைச்சருக்கு உரை நிகழ்த்த வாய்ப்பு கொடுத்ததாகிவிடும்.

பொதுவாகக் கேள்வி அறிவிப்புக்கு முழுதாக 15 நாள் அவகாசம் வேண்டும், முன்னுரிமை குலுக்கலில் முடிவாகிறது. அதனால் கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த பிறகு ஆய்வைத் தொடங்கினால் முதல் வாரம் கைவிட்டுப் போகும்.

6. துணைக் கேள்வியைத் தயார் செய்யுங்கள்

கேட்ட உறுப்பினருக்கு மக்களவையில் வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள். அவை பதிலிலிருந்து எழ வேண்டும். பதில் எப்படி வரும் என்று மூன்று வகையாக ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக் கேள்வியை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியம், ஒரே கேள்வி. மூன்று கேள்விகளைக் கோத்துக் கேட்டால் அமைச்சர் எளிதானதை எடுத்துக்கொள்வார்.

பதிலில் விவரம் தெளிவாக இல்லை என்றால், மக்களவை விதி 55இன் கீழ் அரைமணி நேர விவாதத்துக்கு அறிவிப்புத் தரலாம். இதை மிகக் குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள்.

7. பதிலைப் பிரித்துப் படியுங்கள்

பதில் வந்ததும் பெரும்பாலான அலுவலகங்கள் அதைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. மேற்பார்வை என்ற வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கேட்டவற்றை உட்பிரிவு வாரியாகப் பதிலோடு ஒப்பிடுங்கள். '(அ) முதல் (உ) வரை' என்று மொத்தமாகத் தொகுத்த பதிலில் ஏதாவது ஒரு உட்பிரிவு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அதையே அடுத்த கேள்வியாகத் தனியே கேளுங்கள்.

இரண்டாவது, உறுதிமொழி. 'விவரங்கள் சேகரிக்கப்படுகின்றன, அவையில் வைக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' போன்ற வாசகங்கள் அரசு தரும் உறுதிமொழிகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இரு அவைகளிலும் உறுதிமொழிக் குழு இதைக் கண்காணிக்கிறது. அமைச்சகம் உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்கவும் செய்யலாம். உங்கள் கேள்வியிலிருந்து பிறந்த உறுதிமொழி பட்டியலில் ஏறியதா, நிறைவேறியதா, கைவிடக் கோரப்பட்டதா என்பதைப் பதிவேட்டில் தொடருங்கள். பட்டியலில் ஏறவில்லை என்றால் குழுவுக்கு உறுப்பினர் கடிதம் எழுதலாம்.

மூன்றாவது, பதிலில் தவறான தகவல் இருந்தால் மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115இன் கீழ் எழுத்து மூலம் சுட்டிக்காட்டலாம். ஆவணத்தின் நகல் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

மறுப்பும் ஒரு பதில்தான். 2022இல் சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீத உச்ச வரம்பைத் தாண்டியதால், சட்டப்படி ரிசர்வ் வங்கி அதற்கான காரணத்தை விளக்கி அரசுக்கு அறிக்கை அளித்தது. அதை வெளியிடுவது பற்றிக் கேட்டபோது, வெளியிடச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இப்படி ஒரு பதில் வந்தால் சட்டத்தின் இடைவெளி எங்கே என்பதை அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பொருள். அடுத்து, உறுப்பினரே கொண்டுவரும் தனிநபர் மசோதா. அல்லது நிலைக்குழுவில் திருத்தம் கோருவது.

8. விதிகளையும் ஒழுங்குமுறைகளையும் விட்டுவிடாதீர்கள்

நிதித் துறையில் சட்டத்தை விட அதன் கீழ் வரும் ஒழுங்குமுறைகளே அன்றாடம் ஆள்கின்றன. செபி சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி அந்த ஒழுங்குமுறைகள் அவையில் 30 நாள் வைக்கப்பட வேண்டும். அந்த நாட்கள் ஒரே தொடரில் முடியாவிட்டால் அடுத்த தொடர்களுக்கும் நீளும். அதற்கு அடுத்த தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், நீக்கலாம். காப்பீட்டுக்கும் ஓய்வூதிய நிதிக்கும் இதே ஏற்பாடு உண்டு.

அன்றன்று அவையில் வைக்கப்படும் ஆவணப் பட்டியலில் இவை ஒரு வரியாகக் கடந்து போகும். தினமும் பத்து நிமிடம் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒழுங்குமுறையைத் திருத்தவோ நீக்கவோ கொண்டுவரும் தீர்மானம் வெற்றி பெறுவது அரிது. ஆனால் அறிவிப்புக் கொடுத்தாலே அமைச்சகம் அந்த ஒழுங்குமுறைக்குக் காரணம் எழுதத் தொடங்கும். சார்நிலைச் சட்டக் குழுவுக்கும் எழுதலாம்: தாய்ச் சட்டம் தராத அதிகாரத்தை ஒழுங்குமுறை எடுத்துக்கொண்டதா என்பதை அது ஆராயும்.

ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின் கீழ் ரிசர்வ் வங்கி தரும் வழிகாட்டுதல்களை இப்படி அவையில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைத் தொடும் பல முடிவுகள் அந்த வழியில்தான் வருகின்றன. எனவே அவற்றைக் கேள்வி மூலமாகவும் நிலைக்குழு மூலமாகவும் மட்டுமே பிடிக்க முடியும்.

9. குழுவுக்கு எதை எடுத்துச் செல்வது

நிதி நிலைக்குழுவில் 31 பேர். 21 பேர் மக்களவை, 10 பேர் மாநிலங்களவை. அன்றாட நிர்வாகத்தை அது ஆராயக் கூடாது. ஒரு கிளையில் நடந்த தவறை அங்கே எடுத்துச் செல்லாதீர்கள். அதே தவறு பல வங்கிகளில் நடந்தால், அதைக் கண்டுபிடிக்கத் தவறிய மேற்பார்வை முறையை எடுத்துச் செல்லுங்கள்.

சி.ஏ.ஜி. அறிக்கைகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர். அமைச்சர்கள் இடம்பெற முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராக இருப்பது மரபு. உங்கள் உறுப்பினர் அதில் இல்லாவிட்டாலும், சி.ஏ.ஜி. அறிக்கையின் குறிப்பிட்ட பத்தி எண்ணைக் காட்டி உறுப்பினராக இருப்பவருக்குக் குறிப்பு அனுப்பலாம். கட்சி வேறாக இருந்தாலும் அனுப்புங்கள். குழு அறைக்குள் நல்ல குறிப்பைக் கட்சி பார்த்து ஒதுக்குபவர்கள் குறைவு.

10. கேள்வியின் மூலத்தை எழுதி வையுங்கள்

நிதித் துறையில் ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருவருக்கு லாபமோ நஷ்டமோ இருக்கும். போட்டி நிறுவனம், தரகர், வழக்கில் உள்ள கடனாளி என்று பலரும் 'தயாரான கேள்வியோடு' அலுவலகத்துக்கு வருவார்கள். கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள். வெளியார் தந்த வரைவை அப்படியே அனுப்பாதீர்கள். ஒன்றாவது படியிலிருந்து நீங்களே மறுபடி செய்யுங்கள். உறுப்பினருக்கோ குடும்பத்தினருக்கோ அந்த நிறுவனத்தில் பங்கு இருந்தால், கேள்வியைத் தொடுவதற்கு முன் அவரிடம் நேராகக் கேளுங்கள். குழுவில் அந்தப் பொருள் வந்தால் தன் நலனை அவர் வெளிப்படுத்த வேண்டும். கேள்விகளை அனுப்பும் உறுப்பினரின் இணையக் கணக்குக் கடவுச்சொல்லை அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் தராதீர்கள்.

கூட்டத்தொடர் முடிந்த முதல் வாரத்தில் பதிவேட்டை எடுத்து, பதில் வராத உட்பிரிவுகள், கெடு நெருங்கும் உறுதிமொழிகள், இன்னும் காலம் இருக்கும் ஒழுங்குமுறைகள் என்று மூன்றாகப் பிரியுங்கள். அடுத்த தொடருக்கான முதல் கேள்விகளை அந்த மூன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.